கணக்கில் வராத கடல்

துவாலு என்று ஒரு தேசம். பசிபிக் கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இருக்கிறது. மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 11,000. நம் ஊரில் இந்த எண்ணிக்கைக்கு ஒரு பேரூராட்சித் தலைவர் போதும். அவர்களோ பிரதமர், மந்திரிகள், ஐ.நா. சபையில் ஒரு நாற்காலி என்று முழுசாக ஒரு நாடு நடத்துகிறார்கள்.

சில இணையதள முகவரிகளின் வாலில் ‘டாட் டிவி’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த ‘டிவி’ டெலிவிஷன் இல்லை சார், துவாலு! அந்த இரண்டெழுத்தை வாடகைக்கு விட்டே அரசாங்கம் கணிசமாகச் சம்பாதிக்கிறது. பிழைக்கத் தெரிந்தவர்கள்தான்.

பிரச்னை காலடியில். துவாலு முழுக்கப் பவளத் தீவுகள். பவளப் பூச்சிகள் காலகாலமாகக் கட்டிய சுண்ணாம்புத் திட்டின் மேல், உடைந்த பவளமும் மணலும் சேர்ந்து உண்டான தரை. நமக்குப் பவளப்பாறை என்றால் டிஸ்கவரி சேனல். அவர்களுக்கு அஸ்திவாரம், காம்பவுண்ட் சுவர், மீன் கிடைக்கும் இடம் எல்லாமே அதுதான்.

பவளம் தனியாக வாழ்வதில்லை. உடம்புக்குள் நுண்ணிய பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலில் சமைத்து, வாடகைக்குப் பதிலாகச் சாப்பாடு போடுகிறது. பவளத்தின் வண்ணத்திலும் அதற்குப் பெரும் பங்கு. கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதல் சூடு, அதுவும் சில வாரங்கள் நீடித்தால் போதும், குடித்தனம் கெட்டுவிடும். பாசி வெளியே, பவளம் வெள்ளை வெளேர். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினி, பிறகு சாவு. பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவிகிதம் அழியும், 2 டிகிரி என்றால் கிட்டத்தட்ட மொத்தமும் போகும் என்று ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2018-ல் சொன்னது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் வரவு, செலவு. அதுவே போதும் இந்த விஷயத்துக்கு. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அந்த வாயுக்களால் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. எந்த ஃபேக்டரியின் லாப நஷ்டக் கணக்கிலாவது இந்தச் செலவு ஒரு வரியாக வந்து பார்த்திருக்கிறீர்களா? சரக்கு வைக்கும் கோடவுனுக்கு வாடகை உண்டு. கடல் மட்டும் ஓசி. பில் போவதோ துவாலுவுக்கு! இத்தனைக்கும் சின்னத் தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்து விடும் புகை, உலகக் கணக்கில் ஒரு சதவிகிதம்கூடத் தேறாது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறியது. 2021-ல் துவாலுவும், கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா - பார்புடாவும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. வேறு சில குட்டித் தீவு நாடுகளும் கைகோத்துக்கொண்டன. 2022 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்திடம் போனார்கள். ‘பருவநிலை மாற்றத்திலிருந்து கடலைக் காக்க நாடுகளுக்கு என்ன கடமை?’ என்று கேட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒரு பழைய வாக்கியம். 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் ‘மாசு’ என்றால் என்ன என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதன் நேராகவோ சுற்றிவளைத்தோ கடலில் சேர்க்கும் பொருளோ, ஆற்றலோ கெடுதல் செய்தால் அது மாசு. சரி, கரியமில வாயு ஒரு பொருள்தானே? வெப்பம் ஆற்றல்தானே?

2024 மே 21 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: ஆமாம், மாசுதான். அதைத் தடுக்கவும் குறைக்கவும் தேவையான நடவடிக்கைகளை நாடுகள் எடுத்தாக வேண்டும். பாரிஸ் ஒப்பந்தப்படி நடக்கிறோம் என்று சொல்லி மட்டும் கைகழுவ முடியாது. நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது தயவு இல்லை, சட்டக் கடமை.

‘இதனால் துவாலுவுக்கு என்னய்யா கிடைத்தது?’ என்கிறீர்களா? நியாயமான கேள்வி. இது ஆலோசனைக் கருத்துதான். ஜப்தி பண்ண அமீனா வரமாட்டார். அமெரிக்கா அந்த 1982 ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. இதற்கிடையே 2023-ல் ஆஸ்திரேலியாவோடு துவாலு ஓர் உடன்பாடு போட்டது. வருஷத்துக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள், குடும்பத்தாரையும் சேர்த்தால், ஜனத்தொகையில் பாதிக்கு மேல்! ஊரைக் காப்பாற்றக் கோர்ட் படியேறிய அதே ஜனங்கள், ஊரைவிட்டுப் போகவும் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது.

ஆனாலும், கணக்கு எழுதத் தெரிந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். பேரேட்டில் ஏறாத கடனை எந்தக் கொம்பனாலும் வசூலிக்க முடியாது. முதலில் பற்று எழுதணும். வசூல் அதற்கப்புறம். 2025 ஜூலையில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும் இன்னொரு வரி எழுதியது. இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று கேட்டுவாங்கிய கருத்து அது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் நஷ்ட ஈடு வரைக்கும் போகலாம் என்றது.

பணம் வசூலாவதற்குள் பவளம் மிஞ்சுமா என்பதுதான் பயம். வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒன்று, இனிமேல் எந்த நாடும் ‘அப்படி ஒரு கடனே கிடையாதே’ என்று சாதிக்க முடியாது. எழுதியாச்சு.