ஏழு தலைமுறையின் பெயர்

ஊரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் தாம் பிறந்த ஊரைப் பற்றியே எழுதுவர். நாமோ, ஒருமுறையேனும் கால் பதித்திராத ஓர் ஊரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவ்வூரைக் குறித்துப் படித்தபோது நம்முள் எழுந்த ஒரு கேள்வியே அத்துணிவைத் தந்தது.

சைபீரியாவின் தென்பகுதியில் பிறைபோல் வளைந்து கிடக்கின்றது பைக்கால் ஏரி. 1642 மீட்டர் ஆழமுடைய இதனினும் ஆழ்ந்த ஏரி உலகில் வேறில்லை. உறையாது நிலமேற்பரப்பில் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வொன்றனுள் அடங்கும். இதன் மேற்குக் கரையையொட்டி 70 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது ஓல்கோன் தீவு. அத்தீவின் மேலைக்கரையில், ஆயிரத்துச் சில நூறு மக்கள் வாழும் சிற்றூர் ஹுஜிர். உவர்மண்ணைக் குறிக்கும் புரியாத் சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பர்.

புரியாத்தியர் மங்கோலிய இனத்தின் ஒரு கிளையினர். ஆடும் மாடும் குதிரையும் மேய்த்தல் அவர்தம் பழந்தொழில். ஓல்கோனில் வாழ்ந்தோர் மீனும் பிடித்தனர். முல்லையும் நெய்தலும் ஒரே முற்றத்தில் கூடிய வாழ்க்கை எனலாம். ஆனால் அம்முற்றம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். கோடையில் படகு செல்லும் நீரிணையின்மேல் குளிர்காலத்தில் ஊர்திகள் செல்லும். பனி இறுகும் நாள்களிலும் இளகும் நாள்களிலும் படகும் செல்லாது, ஊர்தியும் செல்லாது. இவற்றோடு, மலைப்பள்ளத்தாக்கினின்று திடுமெனப் பாய்ந்து படகுகளைக் கவிழ்க்கும் 'சர்மா' என்னும் சூறைக்காற்றும் உண்டு.

1643ஆம் ஆண்டில் குர்பாத் இவானோவ் தலைமையில் வந்த கொசாக்கியர் இத்தீவை அடைந்தனர். அதுமுதல் புரியாத்தியர் ருசிய ஆட்சியின் நிழலில் வாழலாயினர். 1930களின் இறுதியில் மீன் ஆலை ஒன்று எழவே, அதனைச் சுற்றி ஹுஜிர் வளர்ந்தது. ஊருக்கு வடக்கே, ஸ்டாலின் காலத்தில் கைதிகள் மீன்தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட பெஸ்சானயா என்னுமிடம் இன்று மணல் மூடிக் கிடக்கின்றது. சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் ஆலையும் நலிந்தது. நீருக்கடியில் இட்ட கம்பிவடத்தின் வழியே தீவுக்கு மின்சாரம் வந்தது 2005ஆம் ஆண்டில்தான். அதுகாறும் டீசல் எந்திரங்களே துணை. ஏரியின் புகழ்பெற்ற 'ஓமுல்' மீன் அருகிவிட்டமையால், 2017இல் அதனை வணிகத்திற்காகப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. மீனால் வளர்ந்த ஊர், இன்று வருவிருந்தினரை நம்பி வாழ்கின்றது.

இத்துணை மாற்றங்களுக்கிடையே அம்மக்கள் எதனைப் பற்றி நின்றனர்? இங்கேதான் நம்மை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. தந்தைவழியில் ஏழு தலைமுறை முன்னோரின் பெயரைச் சொல்லத் தெரிந்திருத்தல் புரியாத்தியரின் மரபு. ஒரே குலத்துள் மணவுறவு நேராமற் காக்கவும் அது பயன்பட்டது. குழந்தை பிறந்தபின் வெளிப்படும் நஞ்சுக்கொடியைப் புதைத்த மண்ணைத் 'தூந்தோ' என்பர். ஒருவன் எங்கு வாழினும் அவனுக்குரிய இடம் அதுவே.

இதனைப் படித்த இரவில் நாம் ஒரு தாளை எடுத்து நம் முன்னோர் பெயர்களை எழுதலானோம். தந்தை, பாட்டனார், பாட்டனாரின் தந்தை. அவ்வளவில் எழுதுகோல் நின்றுவிட்டது. பட்டம் பெற்றோம், பல நூல்கள் பயின்றோம், எங்கோ ஆண்ட அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடமாய் ஒப்பித்தோம். நம் நான்காம் தலைமுறைக்குப் பெயர் தெரியவில்லை! மறுநாள், எழுதப் படிக்க அறியாத நம் பெரியம்மாவிடம் கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார். அப்பெயருக்குரியவர் எந்த ஊரினின்று பஞ்சத்திற்கு வந்தார் என்பதையும் சொன்னார். அதற்கப்பால் அவருக்கும் தெரியவில்லை.

புரியாத்தியர்க்கும் இழப்பு உண்டு. அவர்தம் மொழி பழைய மங்கோலிய எழுத்தினின்று 1931இல் இலத்தீன் எழுத்துக்கும், 1939இல் சிரில்லிக் எழுத்துக்கும் மாற்றப்பட்டது. பாட்டன் எழுதி வைத்ததைப் பேரன் படிக்க இயலாத நிலை எட்டே ஆண்டுகளில் நேர்ந்தது. இன்று அம்மொழி அழிவை எதிர்நோக்கும் மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவால் எண்ணப்படுகின்றது. இளையோர் பலர் ருசிய மொழியிலேயே பேசுகின்றனர். பெயர்கள் நிற்கலாம், அப்பெயருடையோர் பேசிய மொழி நில்லாது போகலாம்.

ஆயினும் ஹுஜிரில் நாம் போற்றும் ஒன்றுண்டு. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ரெவ்யாக்கின் என்பார், தம் மாணவர்களுடன் தீவெங்கும் நடந்து, கற்காலக் கருவிகளையும் புரியாத்தியர் வீட்டுப் பொருள்களையும் திரட்டி ஓர் அருங்காட்சியகம் கண்டார். இன்றும் அது அவர் பெயரால் விளங்குகின்றது. பெருஞ்செல்வமோ அரசாணையோ அன்று. ஓர் ஆசிரியரின் ஆர்வமும் சில சிறுவரின் கால்களுமே அதற்கு முதலாயின.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். வீட்டில் மூத்தவர் அருகே அமர்ந்து, பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். காலந்தாழ்த்த வேண்டா. நம் தாளில் இன்று நான்கு பெயர்கள் உள்ளன. ஐந்தாவதைச் சொல்லக்கூடியவர், நாம் கேளாதிருந்த ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டார்.