வராத ஆள்

சிங்கப்பூரின் தேக்காவில் மேடைக்குப் பொருள் வாங்குவது தனி வித்தை. விளக்கின் அடியில் தெரிய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும், ஒத்திகையில் பத்து முறை கீழே விழுந்தாலும் நசுங்கக் கூடாது. ஒரு தமிழ் நாடகக் குழுவின் பொருள் பொறுப்பாளரான அக்காவோடு கேம்பல் லேன், பஃபலோ ரோடு, முஸ்தபா என்று ஒரு மாலை முழுக்க நடந்தேன். பித்தளைச் சொம்பைத் தட்டிப் பார்த்து, "சத்தம் அதிகம், வசனத்த முழுங்கிடும்" என்று திருப்பி வைத்தார்.

ஒரே நாடகாசிரியரின் பல நாடகங்களுக்கு வேலை செய்தவர் அவர். பிரதி கைக்கு வந்ததும் பட்டியல்தான் எடுப்பார். கதையெல்லாம் பிறகு.

"இவரு நாடகம்னா ஒரு கதவு இருக்கும் தம்பி. யாராச்சும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வர வேண்டிய ஆளு கடைசி வரைக்கும் வரமாட்டாரு. அவருகிட்டயே சொன்னேன். 'அப்படியா'ன்னு கேட்டாரு."

எழுதியவருக்கே தெரியாத ஒன்று, கதவு செய்யச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பேச்சு என்னை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு அனுப்பியது. வேறொருவரின் நாடகங்களிலும் இப்படி ஏதாவது திரும்ப வருகிறதா என்று பார்க்க, அங்கே சிங்கப்பூர் நாடகாசிரியர் ஹரேஷ் சர்மாவின் நாடகங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு நாடகாசிரியரும் ஓர் இயக்குநரும் விடாமல் சேர்ந்து உழைத்ததற்குச் சிங்கப்பூரில் ஹரேஷும் ஆல்வின் டானும் பெரிய சான்று. ஆல்வின் 1987இல் 'த நெசசரி ஸ்டேஜ்' குழுவைத் தொடங்கினார். குழுவின் நாடகாசிரியர் ஹரேஷ். ஆல்வினுக்கு 2014இலும் ஹரேஷுக்கு 2015இலும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. எழுதி முடித்த பிரதியோடு ஒத்திகைக்கு வரும் வழக்கம் அவர்களிடம் குறைவு. முதலில் பேசுபொருள் முடிவாகும். நடிகர்கள் வெளியே போய் ஆட்களைச் சந்திப்பார்கள், கேட்டதை வைத்து அந்த இடத்திலேயே நடித்துப் பார்ப்பார்கள். நாடகாசிரியர் அதைக் கவனித்து எழுதுவார். எழுதியது ஒத்திகையில் மறுபடி உடையும். மனநோயாளிகளைப் பற்றிய 'ஆஃப் சென்டர்' 1993இல் இப்படித்தான் உருவானது. சுகாதார அமைச்சு தருவதாக இருந்த நிதியைப் பின்வாங்கிக்கொண்டது. குழு தன் பொறுப்பில் மேடையேற்றியது. பின்னாளில் அதே நாடகம் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூலானது.

அக்காவின் கண்ணோடு படித்தேன். 'ஃபண்டமென்டலி ஹேப்பி' (2006) நாடகத்தில் இரண்டே பேர். சிறுவயதில் தனக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைச் சுமந்தபடி, பழைய பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியைத் தேடி வருகிறான் எரிக். கொடுமை செய்தவன் அவள் கணவன். அவன் மேடைக்கு வருவதே இல்லை. 'மாடல் சிட்டிசன்ஸ்' (2010) நாடகத்தில் மூன்று பெண்கள்: கத்தியால் குத்தப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவி, குத்தியவனை மணக்கவிருந்த இந்தோனேசியப் பணிப்பெண், அவளுடைய முதலாளியம்மா. குத்தியவனும் இல்லை, குத்துப்பட்டவரும் இல்லை. 'பெஸ்ட் ஆஃப்' (2013) விவாகரத்துக்குக் காத்திருக்கும் ஒரு மலாய்ப் பெண் தனியாகப் பேசும் நாடகம். கணவன் அவள் பேச்சில் மட்டும் இருக்கிறான். 'கெமுக் கேர்ள்ஸ்' (2008), விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்ட ஒருவரையும் அவருடைய மகளையும் பேத்தியையும் பற்றியது. அதில் அவர் மேடையில் தோன்றுகிறார். மகளின் வாழ்க்கையில்தான் இல்லை.

செய்தித்தாள் குற்றவாளியின் பின்னால் ஓடுகிறது, நீதிமன்றமும் அவனைத்தான் கூண்டில் நிறுத்துகிறது. அவன் போன பிறகு மிச்சமிருப்பவர்களுக்கு ஹரேஷ் மேடையைக் கொடுக்கிறார். எல்லா நாடகமும் இதற்குள் அடங்காது; ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் நடக்கும் 'குட் பீப்பிள்' (2007) வேறு திசையில் போகிறது. ஆனாலும் இத்தனை நாடகங்களில் இது திரும்பத் திரும்ப வருவது சரக்கு தீர்ந்ததால் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். கூட உழைத்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஹரேஷின் 'ரோஸ்னா'வில் 1995இல் நடித்த ஆலின் மோஸ்பிட்தான் 'ஃபண்டமென்டலி ஹேப்பி'யின் அந்தப் பெண்மணி. ஒரே நடிகைக்குத் திரும்பத் திரும்ப எழுதும்போது, போன நாடகத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

தமிழிலும் இப்படி ஒரு கூட்டுழைப்பு நடந்திருக்கிறது. 'அக்கினிக் கூத்து' குழுவில் இளங்கோவன் எழுத, அவர் துணைவி தேன்மொழி குழுவின் தலைவராக இருந்தார். மணவாழ்க்கைக்குள் நடக்கும் வன்முறையைப் பேசிய 'தலாக்', 2000ஆம் ஆண்டில் அனுமதி மறுக்கப்பட்டு நின்றது. பிறகு வந்த 'ஸ்மெக்மா', 'ஸ்டோமா' இரண்டும் அதே சுவரில்தான் மோதின. ஆனாலும் இருவரும் தம் பேசுபொருளை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் குழுக்கள் பலவற்றில் ஒரு நாடகம் முடிந்ததும் ஆட்கள் கலைந்துவிடுகிறார்கள். பிரதி யாருடைய கணினியிலோ கிடக்கிறது. குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிரதிகளை அச்சிடுங்கள், பொருள் பட்டியலையும் விளக்குக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள், பார்வையாளர் கையில் தரும் தாளில் திரைக்குப் பின்னால் உழைப்பவர்களின் பெயரை நடிகர்களின் பெயர் அளவிலேயே போடுங்கள். ஓர் ஆசிரியரின் அடுத்த நாடகத்தைத் திட்டமிடும்போது, அவருடைய முந்தைய நாடகங்களுக்கு வேலை செய்தவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.