பாதி விலைக்கு வந்த வண்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகன் கையில் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தான். கோவை சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. வயது 29. காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, வண்டி பாத்தாச்சுங்க. புடிச்சும் போச்சு. இந்த வாரண்டிய எடுக்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வண்டி ஆடி க்யூ7, டீசல், 2017 மாடல், டெல்லி ரெஜிஸ்ட்ரேஷன். கார் கன்சல்டிங்காரர் சொன்ன விலை 27 லட்சம். அதற்கு மேல் 1,60,000 கட்டினால் இரண்டு வருஷத்துக்கு வாரண்டி. "கியர்பாக்ஸ், இன்ஜின் எல்லாம் கவர் ஆயிடும் சார், நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

நான் வாரண்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மாப்ள, அடுத்த மாசம் ஒரு நாள் காலைல ஒர்க்‌ஷாப்ல இருந்து போன் பண்ணி நாலு லட்சம் ஆகும்னு சொன்னா, கடன் வாங்காம கட்டிருவியா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. முன்பணத்துக்கே சேமிப்பு முழுவதும் போய்விடும், மீதி லோன் என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

31 வருஷம் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். நொறுங்கிய வண்டி, எரிந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று எத்தனையோ பார்த்து மதிப்புப் போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இளையவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. பழைய சொகுசு வண்டியில் இறங்குவது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகத்தின் விலை இறங்குவதே இல்லை.

காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. ஒரு வருஷம் தாண்டினால் 20 சதவீதம் கழியும். இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் கம்பெனியும் ஓனரும் பேசி முடிவு செய்வதுதான். எழுபது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி இப்படித்தான் 27 லட்சத்துக்கு வருகிறது. ஆனால் அதன் கியர்பாக்ஸ் பழுதானால், அன்று எழுபது லட்சம் கொடுத்து வாங்கியவர் கட்டியிருக்க வேண்டிய பில்லைத்தான் இவனும் கட்ட வேண்டும். சொல்லப்போனால் அதைவிடக் கூடுதலாகவே வரும். 27 லட்சத்துக்கு வாங்குகிறவர், எழுபது லட்சம் வண்டியைப் பராமரிக்கிற பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். விலைச்சீட்டில் இது இருக்காது.

டெல்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்தே எட்டு, ஒன்பது வருஷமான டீசல் வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே வரத் தொடங்கின. இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், ஆயுள் வரி கட்ட வேண்டும். டெல்லி வண்டி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். அருமையான வண்டிகளும் வந்திருக்கின்றன. ஆனால் அதை எந்த ஒர்க்‌ஷாப்பில், யார் கையால் சர்வீஸ் செய்தார்கள் என்று நேரில் போய் விசாரிக்க நமக்கு வழியில்லை.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமா, அப்பறம் எதுக்கு வாரண்டி?" என்று நடுவில் ஒரு கேள்வி கேட்டான். நன்றாகப் படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள். மோதல், தீ, திருட்டு, வெள்ளம் என்று வெளியிலிருந்து வருவதற்கு இன்சூரன்ஸ். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தானாகக் கெட்டுப்போவதற்கு வாரண்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சந்தில் விழுந்தவர்களை நான் பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பியிருப்பார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். இன்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காதவர்களுக்கு இன்சூரன்ஸில் அந்தச் செலவு கிடைக்கவில்லை. வாரண்டியில் கேட்டால், தண்ணீரால் வந்த சேதம் எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இரண்டு பத்திரமும் கையில் இருந்தும் ஒன்றும் உதவவில்லை.

என் சொந்தக் கதையையும் அன்றைக்கு அவனிடம் முதன்முறையாகச் சொன்னேன். அக்காவுக்குக்கூட இது தெரியாது.

2016-இல் நானும் ஒரு பழைய ஜெர்மன் செடான் வாங்கினேன். 14 லட்சம். வாரண்டிக்கு 75,000. எட்டு மாதம் கழித்து மேட்டுப்பாளையம் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது கியர் இரண்டு தடவை வெட்டியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு வண்டி மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. கியரை இயக்கும் எலக்ட்ரானிக் பாகமான மெகாட்ரானிக்ஸ் போய்விட்டது என்றார்கள். பில் 3,20,000. க்ளெய்ம் போட்டேன். பத்தாவது நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. "15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது" சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிலோமீட்டரில் எனக்கு இன்னும் நாலாயிரம் பாக்கி இருந்தது. ஆனால் முன்னால் இருந்தவர் கடைசியாகச் சர்வீஸ் விட்ட தேதியிலிருந்து எண்ணினால் வருடம் முடிந்து 23 நாள் ஆகியிருந்தது. அந்த மாதம் பெரிய மகளுக்குக் கல்யாணம். அந்த அலைச்சலில் சர்வீஸ் தேதி நினைவில் இல்லை. சின்னவளின் படிப்புக்கு வைத்திருந்த எஃப்.டி.யை உடைத்துத்தான் பில் கட்டினேன். மற்றவர்களின் பாலிசியை வரி வரியாகப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அவனுக்கும் அது நேரக் கூடாது என்பதற்காகவே சொன்னேன்.

அவன் கொண்டுவந்த ஃபைலில் வழவழப்பான ஒரு மடிப்புத்தாள் இருந்தது. அதில் நிபந்தனை எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டோம். மூன்று தடவை போன் போட்ட பிறகு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது, 14 பக்கம். இருவரும் உட்கார்ந்து படித்தோம். இன்ஜினில் எந்தெந்தப் பாகத்துக்குப் பொறுப்பு என்று முக்கால் பக்கம் போட்டிருந்தார்கள். எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்பது நான்கு பக்கம். பிரேக் பேட், டயர், பேட்டரி, கிளட்ச் இவையெல்லாம் தேய்மானம். அதில் நியாயம் உண்டு. ஒன்பதாம் பக்கத்தில் ரப்பராலான எல்லாப் பாகமும், ஏர் சஸ்பென்ஷனும் விலக்கு என்று இருந்தது. வாங்கும்போதே இருந்த பழுது விலக்கு. ஒரு பாகம் கெட்டதால் இன்னொரு பாகம் கெட்டால் அதுவும் விலக்கு. பதினொன்றாம் பக்கத்தில்தான் அசல் விஷயம் இருந்தது. ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு 1,25,000. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 2,50,000.

பென்சிலை அவன் கையிலேயே கொடுத்து, கணக்கைப் போடச் சொன்னேன். 1,60,000 கட்டுகிறான். எல்லாப் பழுதும் வந்து, எல்லா க்ளெய்மும் பாஸ் ஆனாலும் திரும்பி வருவது அதிகபட்சம் 2,50,000. அதாவது மிக மோசமான வருஷத்திலும் 90,000 ரூபாய்தான் மிச்சம். அவன் பயப்படுகிற அந்த நாலு லட்சம் பில் ஒரே தடவையாக வந்தால் கம்பெனி கொடுப்பது 1,25,000. மீதி 2,75,000 அவன் பொறுப்பு. அப்படியானால் இந்த வாரண்டி அவனை எதிலிருந்து காப்பாற்றுகிறது? அவனாகவே சமாளிக்கக்கூடிய சின்னச் செலவிலிருந்து. எதைத் தாங்க முடியாதோ அதை அப்படியே அவன் தலையில் விட்டுவிடுகிறது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இருவரும் கன்சல்டிங் ஷெட்டுக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முன்பக்கம் இடது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போனது. வலது பக்கம் நான்கு விரல் போனது. வண்டி அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது. காவலுக்கு இருந்த பையன் சாவியைப் போட்டதும் அடியிலிருந்து கம்ப்ரஸர் ஓடும் சத்தம். அரை நிமிஷத்தில் மெல்ல எழுந்து நேராக நின்றது. "பாருங்க சார், எப்படித் தூக்குது" என்றான் அந்தப் பையன். மருமகன் முகத்திலும் அதே பூரிப்பு. ஆனால் விஷயம் வேறு. ஏர் சஸ்பென்ஷனில், சக்கரத்தின் மேல் உள்ள ரப்பர் காற்றுப்பையில் எங்கோ கசிகிறது. இரவெல்லாம் காற்று இறங்குகிறது. காலையில் அதை நிரப்பக் கம்ப்ரஸர் அளவுக்கு மேல் ஓடுகிறது. கொஞ்ச நாளில் கம்ப்ரஸரும் போகும். பத்து மணிக்கு வந்து பார்த்திருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. வாரண்டியின் ஒன்பதாம் பக்கம் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரோடு வந்தார். பிழை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் இன்னொன்றையும் எண்ணி வைத்திருக்கும்: பிழைகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. அதில் 38 இருந்தது. அந்த வாரம்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சேற்றுக் கறை இல்லை. சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புத் தடத்திலும் துருவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அல்ல, அந்த மட்டில் நல்லது. இவ்வளவையும் பார்க்க ஆன செலவு, மெக்கானிக்குக் கொடுத்த 2,500 ரூபாய். எனக்குத் தெரிந்து பழைய வண்டி விஷயத்தில் இதைவிட நல்ல வாரண்டி கிடையாது.

அப்படியென்றால் வாரண்டியே எடுக்கக் கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். வண்டியைத் தயாரித்த நிறுவனமே கொடுக்கும் நீட்டிப்பு வாரண்டி இருக்கிறது. பழைய ஓனர் அதை விட்டுவிடாமல் புதுப்பித்து வந்திருந்து, உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவும் சம்மதித்தால், அந்த வண்டிக்கு ஒன்றிரண்டு லட்சம் கூடக் கொடுக்கலாம். உச்சவரம்பு வண்டியின் விலையளவுக்கு இருந்து, கியர்பாக்ஸும் எலக்ட்ரானிக் பாகங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டு, ஓட்டிக்கொண்டு போகும் தூரத்தில் சர்வீஸ் சென்டரும் இருந்தால் வெளி நிறுவனத்தின் வாரண்டியும் எடுக்கலாம். ஆனால் பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதற்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் நிற்கிறதா, அல்லது விற்றவரே லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கிறாரா? அவர் கடையை மூடிவிட்டால் யாரிடம் போவது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். போக வேண்டி வந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் வழக்கு முடிகிற வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த முதல் கேள்வி. நாலு லட்சம் பில்லைத் தாங்க முடிந்தவருக்கு வாரண்டி ஒரு வசதி. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. தாங்க முடியாதவர் வாரண்டியை நம்பி அந்த வண்டியை வாங்கக் கூடாது. இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம், அல்லது ஒரு படி கீழே உள்ள வண்டியைப் பார்க்கலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆசைப்படுவது தப்பில்லை, மாப்ள, என்று அவனிடமும் சொன்னேன். அவன் அப்பா கடைசி வரை ஒரு பழைய மொபெட்டில்தான் போய் வந்தார். அம்மாவைப் பெரிய வண்டியில் உட்கார வைத்துக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவன் நினைப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு சொன்னேன்.

அந்த வண்டியை அவன் விட்டுவிட்டான். இப்போது மாதம் 15,000 தனிக் கணக்கில் போடுகிறான். வண்டி வந்தாலும் அந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்று பேசியிருக்கிறோம். பில் வரும்போது மட்டும் எடுக்கலாம்.

இதைப் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சாவியைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுக்கிற நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மடிப்புத்தாளைக் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள். ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படியுங்கள். படிக்கத் தர மாட்டேன் என்றால், சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.