தட்டிப் பார்த்தல்

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த ‘டப்’ வந்தது. சென்ற வருஷம், ஐப்பசி மழை இரவு. பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டருக்கு மாற்றிவைத்த பிரதி. என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப். அதிலிருந்து ஒயர் வழியாக, எண்களை மின்னலையாக மாற்றும் ஒரு சின்னப் பெட்டி. அப்புறம் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். பென்ஷன் பணத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. பெண்ணாடத்தில் இதை உட்கார்ந்து கேட்க என்னை விட்டால் ஆள் கிடையாது.

இசைத்தட்டில் கீறல் சப்தம் இருப்பது புதிதல்ல. நிமிஷத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு முக்கால் வினாடி. குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தால் முக்கால் வினாடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று வரும். சற்று நேரத்தில் காது அதை ஒரு தாளமாக எடுத்துக்கொண்டு மறந்துவிடும். இது அப்படி இல்லை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தபின் அடுத்தது எப்போது என்று மனம் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. நாலைந்து நாளில் நான் தோடியைக் கேட்பதை விட்டுவிட்டு ‘டப்’பைக் கேட்கிறவனாக ஆகிவிட்டேன்.

முதலில் எலக்ட்ரீஷியன் வந்தார். “எர்த் வீக்கா இருக்கு சார்” என்றார். கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். ஸ்பீக்கரில் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ‘ம்ம்’ என்கிற உறுமல் நின்றது. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல், வேறு வியாதி. ‘டப்’ நிற்கவில்லை. பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பியைச் சுரண்டித் திரும்பப் போட்டார். ஸ்டெபிலைஸரின் ரிலே சப்தமோ என்று அதைக் கழற்றினோம். லேப்டாப்பை பாட்டரியிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஒயரை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து நிமிஷம் நிம்மதி, பதினோராவது நிமிஷம் ‘டப்’.

இந்த நிலைமையில் தங்கையின் பேரன் லீவுக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். எதையும் கழற்றவில்லை. ஒரு காகிதமும் பேனாவும் கேட்டான்.

“ஒரே ட்ராக்கை அஞ்சு தடவை கேளுங்க தாத்தா. சத்தம் வர்ற நிமிஷம், செகண்டை எழுதுங்க. மாத்தாம எழுதுங்க.”

எழுதினேன். ஐந்து பத்திகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதுவரை எனக்கு உறைக்காத ஒன்று தெரிந்தது. சில சப்தங்கள் ஐந்து தடவையும் அதே வினாடியில் வந்திருந்தன. மற்றவை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில். இடம் மாறாதது பிரதியில் இருக்கிறது. இடம் மாறுவது வருகிற வழியில் இருக்கிறது. அவ்வளவுதான் சூத்திரம். நான் இரண்டு மாசமாக இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைதுகொண்டிருந்தேன்.

வழியில் நடப்பதை அவன் சொல்லி நான் புரிந்துகொண்டது இது. 1982இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் வகுத்த கணக்குப்படி ஒரு வினாடி சங்கீதம் 44,100 எண்கள். இடக்காதுக்கு ஒரு வரிசை, வலக்காதுக்கு ஒரு வரிசை. என் பிரதியும் அந்தக் கணக்குதான். பெட்டி அந்த எண்களைத் தன் கடிகாரப்படி சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், நிறுத்தத் தெரியாது. கம்ப்யூட்டர் அப்படி அல்ல. அதற்கு நூறு வேலை, பாட்டு அதில் ஒன்று. அதனால் நடுவே ஒரு தொட்டி. கம்ப்யூட்டர் நேரம் கிடைக்கும்போது நிரப்பும், பெட்டி மொண்டுகொள்ளும். என்னுடையது 256 எண் கொள்ளும் தொட்டி. கணக்குப் போட்டால் ஆறு மில்லிசெகண்டுக்குக்கூடக் காணாது. அதற்குள் கம்ப்யூட்டர் திரும்பி வராவிட்டால் தொட்டி வறண்டுவிடும். அலை பாதியில் அறுந்து பூஜ்யத்துக்கு விழும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒரு படி தடுக்கி விழுகிற சப்தம்தான் ‘டப்’.

யார் கம்ப்யூட்டரை அவ்வளவு நேரம் பிடித்துவைத்தது? வைஃபையை நிறுத்திப் பார்த்தான். ‘டப்’ நின்றது. போட்டான், வந்தது. மூன்று தடவை செய்துகாட்டினான். சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று அடிக்கடி துழாவிக்கொண்டிருக்கும் அந்த உறுப்பு, துழாவும்போதெல்லாம் மற்ற வேலைகளை நிற்கவைத்துக்கொண்டிருந்தது. தொட்டியை 2048 ஆக்கினான். இப்போது நாற்பத்தாறு மில்லிசெகண்டு அவகாசம். எண்களை வினாடிக்கு 48,000 ஆக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்த வீண் வேலையையும் நிறுத்தினான். மொத்தம் கால் மணி நேரம்.

மிஞ்சியவை இசைத்தட்டின் கீறல்கள். “இதையும் எடுத்துடலாம் தாத்தா” என்றான். கீறலைக் கண்டுபிடித்து வெட்டி, இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து நடுவை ஊகித்து நிரப்பும் புரோகிராம் இருக்கிறதாம். செய்தான். சுத்தமாக இருந்தது. ஆனால் சில துத்துக்காரங்களின் முனை மழுங்கியிருந்தது. கூர்மையானதெல்லாம் கீறல் என்று அது எடுத்துக்கொண்டது போலும். பழைய பிரதியே போதும் என்றேன்.

அவன் ஊருக்குப் போன பிறகு அந்தக் காகிதம் மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொருவர் ஞாபகம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை மேற்பார்வையில் ஒரு நண்பர் இருந்தார். கவிதை எழுதுவார். 1983இல் சொந்தக் காசில் ஒரு தொகுதி போட்டார், நாற்பத்தெட்டுப் பக்கம். அதைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினேன். ஏழு இடங்களை எடுத்துக்காட்டி, வரிகள் காரணமில்லாமல் நடுவில் உடைகின்றன, இவருக்குக் காது இல்லை என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. இரண்டாவது தொகுதியும் போடவில்லை.

பேச்சு விட்டுப்போகவில்லை. பிறகு ஒரு நாள் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். சூளையிலிருந்து இறங்கிய உருப்படிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது மணிபோல் இழுத்துச் சொல்லும். விரிசல் விட்டது ‘தட்’டென்று செத்துப்போகும். நானும் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தட்டினேன். செத்த சப்தம். “இது விரிசல்” என்றேன். வாங்கி, மூன்று விரல் நுனியில் ஏந்தித் தட்டினார். மணி.

“கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தட்டினா நல்ல கிண்ணமும் விரிசல்னுதான் சொல்லும்ப்பா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொழில் ரகசியம் சொல்கிறார் என்று நினைத்து, சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டேன். அவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன.

தொகுதியைத் தேடி எடுத்தேன். என் பென்ஸில் குறிகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்காமலிருக்க எல்லாக் கவிதைகளையும் வேறு தாளில் எழுதிக்கொண்டேன். ஐந்து நாள், நாளுக்கு ஒரு தடவை, உரக்க வாசித்தேன். எங்கே தடுக்குகிறதோ அங்கே குறி. பேரன் சொன்னபடி, மாற்றாமல். மெய்கண்டார் பிறந்த ஊரில் ஒருவன் ஒரு விஷயத்தை மெய்யாகக் கேட்பதற்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆறாவது நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அன்று சொன்ன ஏழில் இரண்டு இடங்களில் ஐந்து நாளும் தடுக்கியிருந்தது. அவை விரிசல்தான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். மற்ற ஐந்தில் ஒரு நாள்கூடத் தடுக்கவில்லை. வரி உடைகிற இடத்தில் மூச்சு தானாக நின்று, அடுத்த சொல்லை எடுத்தது. 1983இல் நான் அவசரத்தில் இருந்தேன். சுற்றிலும் யார் யார் என்ன எழுதுகிறார்கள், என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று துழாவிக்கொண்டிருந்த காலம்.

ஏழில் இரண்டு. இதைச் சொல்ல அவர் இல்லை. அந்த இரண்டு பக்கத்தைப் படித்தவர்களில் சிலராவது இன்னும் இந்தப் பக்கங்களையும் படிப்பவர்களாக இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நேற்று இரவு தோடியைப் போட்டேன். பாதியில் சார்டு லைனில் ஒரு ரயில் போயிற்று. மற்றபடி கீறல்கள் அவை இருக்கவேண்டிய இடங்களில் இருந்தன.