ஹேண்ட்பிரேக் எங்க தம்பி?

உங்க வீட்டில் யாராவது வண்டி ஓட்டிப் பிழைக்கிறாங்களா? அப்போ இது உங்களுக்குச் சட்டுனு புரியும்.

என் சித்தப்பா பிக்கப் வண்டி வெச்சிருக்கார். கொல்லிமலையில் அன்னாசி, வாழைத்தார் ஏத்திக்கிட்டு நாமக்கல்லுக்கு இறங்குவார். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு! போன சீசனில் ஒருநாள் பாதி மலையில் பிரேக் பெடல் பொதக்குனு உள்ளே போயிடுச்சு. பம்ப் பண்ணி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தியிருக்கார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமலே படுத்துட்டார். சித்தி அழுதுட்டே இருந்தாங்க.

மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறவன் சும்மா இருப்பேனா? 'பின் சக்கரத்து டிரம் பிரேக்கைத் தூக்கிட்டு டிஸ்க் மாட்டறேன். அதையே மினி புராஜெக்ட்டாவும் கொடுத்துடறேன்'னு கிளம்பிட்டேன். ஒரே கல்லில் ரெண்டு மாங்கா!

லாஜிக் சிம்பிள். டிரம் ஒரு மூடிய பாத்திரம் மாதிரி. உள்ளே ரெண்டு ஷூ விரிஞ்சு அதன் சுவரில் உரசும். சூடு வெளியேற வழி கம்மி. சூடேறினால் டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். டிஸ்க் திறந்தவெளியில் சுத்துது. காத்து பட்டே ஆறிடும்.

பழைய சாமான் கடையில் ஏதோ காரின் முன்பக்க டிஸ்க்கும் காலிப்பரும் தேத்தினேன். இன்பிளான்ட் ட்ரெய்னிங் போற பட்டறையில் மெக்கானிக் அண்ணனிடம் டிராயிங்கைக் காட்டினேன். பத்தாவது தாண்டாதவர். ரெண்டு நிமிஷம் பார்த்தார்.

''நல்லாருக்கு தம்பி. ஹேண்ட்பிரேக் எங்க?''

ஙே!

ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கிறதே அந்தப் பின் டிரம்முக்குள்ள இருக்கிற ஷூவைத்தான். நான் வாங்கின காலிப்பரில் கேபிள் மாட்டவே இடமில்லை. லோடோட மேட்டில் நிறுத்தினால் கல்லைத்தான் அண்டக் கொடுக்கணும்.

அண்ணன் விடலை. ''காலிப்பர் பிஸ்டன் பெருசு. மாஸ்டர் சிலிண்டர் தள்ளுற ஆயில் பத்துமா? டிரம்முல முன் ஷூவை, சுத்துற டிரம்மே இழுத்து இறுக்கிக்கும். டிஸ்க்குல அந்த உதவி இல்லை. அந்த அழுத்தத்தை எங்கிருந்து கொண்டாருவ? சரி, எப்படியோ பிடிப்பைக் கூட்டிட்டேன்னே வெச்சுக்க. லோடு இறக்கிட்டுக் காலியா வரும்போது பின்னாடி வெயிட்டே இருக்காது. ஓங்கி மிதிச்சா சக்கரம் லாக் ஆகி வண்டி வாலைச் சுத்திக்கும். அப்ப உள்ள யார் இருப்பாங்க?''

சித்தப்பா இருப்பார். வாயடைச்சுப் போயிட்டேன்.

''முதல்ல இருக்கிறதைக் கழட்டிப் பாரு''ன்னார். கழட்டினேன். ஆக்சில் ஆயில் சீல் கசிஞ்சு, இடதுபக்க லைனிங் எண்ணெயில் குளிச்சிருந்தது. ரொம்ப நாளா மாத்தாத பிரேக் ஆயில், சூட்டில் கொதிச்சு ஆவியாகியிருக்கு. அதான் பெடல் பொதக்!

பிறகு சித்தப்பாவிடம் ''இறங்கும்போது எந்த கியர்?''னு கேட்டார் அண்ணன். சித்தப்பா தலையைச் சொறிஞ்சார். ''நியூட்ரல்தாங்க. டீசல் மிச்சமாகும்ல...''

மிச்சமே ஆகாது என்பதுதான் காமெடி. இப்போதைய டீசல் இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால், இறக்கத்தில் டீசல் சப்ளையே நின்னுடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். மலையையே பிரேக் தலையில் கட்டிட்டு, பிரேக்கைத் திட்டினால் எப்படி?

சீல், ரெண்டு பக்கமும் புது லைனிங், புது பிரேக் ஆயில். வேலை முடிஞ்சது. டிஸ்க் என் கட்டிலுக்கு அடியில் தூங்குது. புராஜெக்ட் தலைப்பை 'இறக்கத்தில் கியரும் டிரம்மின் சூடும்'னு மாத்திட்டேன்.

நீங்களும் எதையாவது மாத்தக் கிளம்பினால், பழசு என்னென்ன வேலை பார்க்குதுன்னு முதல்ல ஒரு லிஸ்ட் போடுங்க. என் லிஸ்ட்டில் ஹேண்ட்பிரேக்கே இல்லை!

நேத்து ராத்திரி சித்தப்பா வர லேட். சித்தி பதறிப்போய் போன் போட்டாங்க. ''செகண்ட் கியர்ல வந்தா லேட்டாத்தான் ஆகும். சோறு எடுத்து வை''ன்னார்.