உலை ஓடுகிறதா, நிற்கிறதா?

அஞ்சுகிராமத்தைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் தொடங்கிவிடுகின்றன. உடைமரமும் பனையும் நிற்கும் செம்மண் காட்டில் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் தூண்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பத்தில் எட்டு அசையவில்லை. மற்றவை கடனே என்று சுற்றின. “மாசியில காத்தாடி இப்பிடித்தான் சார் கெடக்கும். ஆனி ஆடியில வந்து பாருங்க, பக்கத்துல நின்னு பேச முடியாது” என்றார் நடத்துநர். நாகர்கோவிலிலிருந்து கூடங்குளத்துக்கு 35 ரூபாய் டிக்கெட்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், நின்றுபோன இறக்கைகளின் இடைவெளியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் இரண்டு கும்மட்டங்கள் தெரிந்தன. அணுமின்சாரம் வேண்டும் என்பவர்கள் மேடை போட்டுப் பேசுவதெல்லாம் அந்த ஒரு காட்சியிலேயே இருந்தது. காற்று படுத்துவிட்ட மாதத்தில், சூரியன் போன பிறகு, மின்விசிறி சுற்ற வேண்டுமே. இரு தரப்பும் சொன்னதை வருடக்கணக்காகக் கேட்டாயிற்று. மதிலுக்கு வெளியே என்னதான் இருக்கிறது என்று நடந்து பார்க்கலாம் என்றுதான் கிளம்பி வந்தேன்.

கூடங்குளம் கடைத்தெருவில் டீ 12 ரூபாய். பக்கத்து உணவகப் பலகையில் தமிழுக்கு மேலே இந்தி. பாதுகாப்புத் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பையன்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது உலையிலிருந்து ஆறாவது உலை வரை கட்டுமானம் நடப்பதால் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டம். “உள்ளூர்க்காரனுக்கு இதுல என்ன லாபம் சொல்லுங்க” என்று டீக்கடை அண்ணாச்சி அலுத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். புதிதாகப் பூசிய நான்கு அறைகள், கொடியில் ஒரே நிறத்தில் வேலைச் சட்டைகள். வாடகை எவ்வளவு என்றதற்கு, “அது கெடக்கு, அறைக்கு நாலாயிரம்” என்றார். லாபம் இருக்கத்தான் செய்கிறது. ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையம் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988-ல் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. சோவியத் ஒன்றியமே இல்லாமல் போய், 2002-ல்தான் கட்டத் தொடங்கினார்கள். முதல் உலையின் மின்சாரம் 2013 அக்டோபரில் வெளியே வந்தது, இரண்டாவது 2016-ல். ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். இரண்டிலுமாகப் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. இதே கடற்கரையில் வடக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் சேர்ந்தால் 1,050 மெகாவாட். அவை முழு வேகத்தில் ஓட நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். அந்தச் சாம்பலைச் சுவாசித்தவர்களிடம் போய் அணு உலைதான் பெரிய ஆபத்து என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அணுமின் நிலைய வாசல் வரை போகலாம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் என் கைபேசியைப் பார்த்த பார்வையிலேயே அது பைக்குள் போய்விட்டது. சாலையோரம் நின்று பார்த்தால் கும்மட்டங்கள், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட உயரமான குழாய், புதிய உலைகளுக்கு மேலே பாரந்தூக்கிகள். புகை இல்லை. கடல்நீரால் குளிர்விப்பதால், படங்களில் வரும் அந்த இடுப்புச் சிறுத்த கோபுரங்களும் இல்லை. லாரி போகும் சத்தத்தை மீறி எதுவும் கேட்கவில்லை.

ஒன்று அப்போதுதான் உறைத்தது. இந்த உலை ஓடுகிறதா, பராமரிப்புக்காக நிற்கிறதா என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரிய வழியே இல்லை. காத்தாடி நின்றால் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். இங்கே யாராவது சொல்ல வேண்டும், நாம் நம்ப வேண்டும். 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினிக்குள் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, முதலில் வந்த விளக்கம் அது பொய்ச் செய்தி என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனி, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் இடைவெளி செய்த சேதத்தை எந்தக் காங்கிரீட்டாலும் அடைக்க முடியாது.

காங்கிரீட்டைக் குறை சொல்ல வரவில்லை. ஃபுகுஷிமாவில் 2011-ல் சுனாமி புகுந்து டீசல் ஜெனரேட்டர்களை முடக்கியதால்தான் உலைகள் குளிர வழியின்றிப் போயின. இங்கே அவசரகால ஜெனரேட்டர்கள் கடல் மட்டத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேலே இருக்கின்றன. மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் வெப்பம் இறங்கும் ஏற்பாடு உண்டு. உலை உருகினால் அந்தக் குழம்பைத் தாங்கிக்கொள்ள அடியில் ஒரு தொட்டி. இதையெல்லாம் செய்தவர்களின் கணக்கை நான் மதிக்கிறேன். எனக்கு இடிப்பது எரிந்து முடிந்த எரிபொருள்தான். ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். எடுத்தது ரஷ்யாவுக்கே திரும்பும் என்பதுதான் முதல் பேச்சு. பிறகு அது மாறி, இங்கேயே இருக்கட்டும் என்றானது. வளாகத்துக்குள்ளேயே அதற்குத் தனிக் கிடங்கு கட்ட 2019 ஜூலையில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரைக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். வழியில் சுனாமி குடியிருப்பு. கடலுக்குப் பயந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த வீடுகளின் மொட்டைமாடியில் துணி காய்கிறது, துணிக்குப் பின்னால் கும்மட்டம்.

லூர்து மாதா கோயில் முன்னால் இப்போது வெறும் மணல். 2011-லிருந்து வருடக்கணக்கில் உலைக்கு எதிரான போராட்டப் பந்தல் நின்ற இடம். 2012 செப்டம்பரில் உலையை முற்றுகையிடப் போனவர்களைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் எதிர்கொண்டன. அன்றைக்கே மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். கோயில் நிழலில் நான்கு பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுவதற்குள் அடுத்த இலை கைக்கு வந்துவிடுகிறது. பந்தலிலும் இதே வேலைதானாம். மூத்த அம்மா நிமிராமலே சொன்னார்: “கேஸ் இருக்குன்னு எம் மவனுக்குப் பாஸ்போர்ட்டு கெடைக்காமக் கெடந்துது. மத்தபடி கரண்டு நல்லாத்தான் வருது.”

கரையில் மீன் வரவில்லை என்பதுதான் எல்லோர் வாயிலும். ஒதுக்கியிருந்த ஃபைபர் வள்ளத்துக்குள் பார்த்தேன். அரைப்பெட்டி சாளை, ஈரச்சாக்கின் அடியில் ஏழெட்டு சிங்கி இறால். மீன் இல்லாமலில்லை. “முன்ன இந்தப் பாருலயே கெடந்ததுக்கு இப்ப எம்புட்டுத் தூரம் போறோம் தெரியுமா? மண்ணெண்ணெய்க்கே சரியாப் போவுது” என்றார் வள்ளக்காரர். உலையிலிருந்து வரும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அது மீனுக்கு என்ன செய்கிறது என்பதைக் கரையில் நின்று என் கண் சொல்லவில்லை. வள்ளத்தின் மண்ணெண்ணெய் கேன் காலி என்பதை மட்டும் பார்த்தேன்.

ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“காத்தப் பாத்துத்தான். மேக்க இருந்து கச்சான் அடிச்சா வெசம் இந்தப் பக்கந்தான் வரும், ரோட்டுல போயி நிக்கதவிட வள்ளத்த எறக்கிருவோம். கொண்டலுன்னா அது மேக்க போயிரும், பதறாண்டாம்.”

நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, காற்றுத் திசை பார்த்து ஆட்களை வெளியேற்றுவதுதான் அரசாங்கத் திட்டமும். அதற்கான ஒத்திகையொன்றை 2012 ஜூனில் நக்கனேரியில் நடத்தினார்கள். இவர் ஒத்திகை எதையும் பார்த்ததில்லை என்றார். அப்படியும் கணக்கு சரியாகவே இருக்கிறது.

திரும்பும்போது பேருந்து. ஊர் எல்லையில் தண்ணீர் லாரி எதிரே வர, இரண்டும் ஒதுங்க இடமில்லை. எங்கள் ஓட்டுநர் பின்னால் எடுத்து ஒரு வீட்டு வாசலில் ஏற்றி நிறுத்தினார். அடுத்த வளைவில் ஒரு டிராக்டர். கூடங்குளம் முக்கு வந்து சேர 25 நிமிடம் ஆனது. அன்றைக்கு ஊரில் திருவிழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை.