நடுக்கம் சொல்லும் செய்தி

நோய் வேறு, நோயின் அறிகுறி வேறு. காய்ச்சலைத் தணித்துவிட்டு அதன் காரணத்தைத் தேடாமல் விடும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. ஆனால், வீட்டு வாகனம் நோயுறும்பொழுது, அறிகுறி மறைந்தாலே போதுமென்று பலர் மனநிறைவு கொள்கின்றனர்.

கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்தை நம்பி வாழும் எங்கள் குடும்பத்தில் பழைய மகிந்திரா டீசல் ஜீப்பு ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு. அடியில் ஸ்பிரிங் பட்டைகள். மிளகு மூட்டை அதில்தான் இறங்கும். பேறுகாலப் பெண்ணும் அதில்தான் வத்தலக்குண்டுக்குச் செல்வாள். ஆகவே, அதன் நலம் எங்கள் ஊரின் நலத்தோடு பிணைந்தது.

சென்ற ஆண்டு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதன் ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வேகம் 40-ஐத் தாண்டினால் ஆட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். "பழைய ஜீப்பு அப்படித்தாங்க ஐயா ஆடும். ஸ்டியரிங் டாம்பர் ஒண்ணு மாட்டினா அடங்கிடும்" என்றார் ஒரு மெக்கானிக். வீல் பாலன்ஸ் செய்தால் தீரும் என்றார் வேறொருவர்.

இவ்விரண்டையும் சற்று ஆராய்வோம். டாம்பர் என்பது அதிர்வை உறிஞ்சும் குழாய். அதிர்வின் காரணத்தை அது நீக்குவதில்லை. பாலன்ஸ் கெட்ட சக்கரத்தின் உதறலோ, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் எழும் விசையில் பதினாறில் ஒரு பங்கே 20-இல் எழும். எனவே, மெல்லச் செல்கையில் ஆடி, விரைந்தால் அடங்கும் நோய்க்குப் பாலன்ஸ் முதற்காரணமாக இருத்தல் அரிது. டயரோ ரிம்மோ வட்டம் கெட்டிருக்க வேண்டும். அல்லது மூட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினோம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தபொழுது சிறிது தளர்வு தெரிந்தது. உடனே தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக்கை மிதித்ததும் தளர்வு மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில். மறையாவிடில் கிங்பின் பேரிங்கில். எங்கள் ஜீப்பில் அது மறையவில்லை. பக்கவாட்டில் பிடித்து அசைத்து, டை ராட் முனைகளையும் சோதித்தோம். அவை உறுதியாக இருந்தன. மெக்கானிக் கிங்பின் மூடியினடியில் இருந்த ஷிம் தகடு ஒன்றை எடுத்து இறுக்கினார். ஆட்டம் குறைந்ததேயன்றி நீங்கவில்லை.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்தோம். முன்சக்கரங்களைப் பின்னும், பின்சக்கரங்களை முன்னும் மாற்றிப் பூட்டினோம். ஓட்டிப் பார்த்தால் கைகளில் நடுக்கம் இல்லை. ஆனால், இருக்கை அசைந்தது! நோய் சக்கரத்தோடு இடம்பெயர்ந்து விட்டதல்லவா? பின்னர் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, டயரின் அருகே ஒரு கல்லை வைத்து மெல்லச் சுழற்றினோம். ஒரு டயர் மட்டும் ஓரிடத்தில் கல்லை உரசியது. தடவிப் பார்த்தால் அங்கே மெல்லிய புடைப்பு. மேற்புறத்தில் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. உள்ளே கம்பி அடுக்குகள் பிரிந்துவிட்டிருந்தன.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். எங்கள் டயருக்கு வயது ஒன்பதைக் கடந்திருந்தது. மலையில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் டயர் தேயுமுன்பே முதுமை எய்திவிடுகிறது.

அடுக்கு பிரிந்த டயர், பாரத்தோடு கொண்டையூசி வளைவில் இறங்கும்பொழுது வெடிக்கக்கூடும். டாம்பர் மாட்டியிருந்தால், அதற்கு முன் கிடைத்த எச்சரிக்கையும் ஊமையாகியிருக்கும். பயணிகளோ அறியாமல் அமர்ந்திருப்பார்கள்.

ஆகையால், பழைய வண்டியுள்ள குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் கண்டால், கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா, எந்த வேகத்தில் எழுகிறது என முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டயரையும் ரிம்மையும் பார்த்து, அதன்பின் பேரிங்குகளையும் மூட்டுகளையும் சோதியுங்கள். காரணம் அகன்றபின், தேவையானால் டாம்பர் மாட்டலாம். டயரின் பள்ளத்தை அளக்கும் அன்றே அதன் வயதையும் படித்துவிடுங்கள்.